இருபத்தாறாம் பாடம்

திருத்தணி
20-8-1945

தம்பி துளசிங்கத்துக்கு அக்கா கௌரியம்மாள் எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் வசந்தியும் என் மாமியாரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். போன மாதம் உனக்கு இருந்த இருமல் விட்டுவிட்டதா?

நேற்று மத்தியானம் சத்திரத்துக்கு இலை தைத்துக்கொண்டிருந்தேன். அரக்கோணத்திலிருந்து நஜீர் அகமது என்று ஒருவர் வந்தார். இலை வாங்க வந்தவர் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொன்னார்: "சுந்தரமூர்த்தி ஊடு இதானே? நானும் அவனும் ஒரே கப்பல்ல கரி தள்ளினவங்க. அவன் உயிரோட கீறான்க்கா. என் கண்ணால பார்த்துட்டுத்தான் வந்துகினு கீறேன்."

கப்பல் முழுகிவிட்டது, ஆள் விவரம் தெரியவில்லை என்று கம்பெனிக் காகிதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளை இருக்கிறான் என்று கேட்டதும் அத்தை அந்த மனிதரின் கையைப் பிடித்தவள் அரை மணி நேரம் விடவில்லை. அவரும் உருவிக்கொள்ளவில்லை, நல்ல மனிதர்.

படகில் பதினோரு நாள் மிதந்தார்களாம். உருகுவே என்கிற தேசத்தில் மான்ட்டிவீடியோ துறைமுகத்தில் கரையேற்றினார்களாம். உன் பாவாவுக்கு வலது கையில் பலத்த அடி, எழுத வராது; யுத்தத்தில் இவர் எழுதிப் போட்டதும் வந்து சேரவில்லை. இவர் ஊருக்குக் கப்பல் ஏறும் சமயம் அவர் காய்ச்சலில் கிடந்தாராம். தோன்யா ரமோனா என்கிற அம்மாள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். விலாசச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். அங்கே ஸ்பானிஷ் பாஷைதானாம், இங்கிலீஷ் எடுபடாதாம். உன் தோல் மண்டியிலிருந்து தேசதேசத்துக்குக் கடிதம் போகிறது என்பாயே, யாரையாவது பிடித்து எழுது. அவர் இருக்கிறாரா, வருவாரா, அது மட்டும் போதும்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

சூளை, சென்னை
9-9-1945

அக்காவுக்குத் துளசிங்கத்தின் நமஸ்காரம். நான் சுகம். இருமல் போய்விட்டது, பெரியமேட்டுத் தோல் வாடைக்கு அதுவே பயந்து ஓடிவிட்டது. அத்தைக்குக் கண் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே நின்று படித்தேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. ஸ்பானிஷ் தெரிந்த ஆள் ஒருவரும் இங்கே அகப்படவில்லை. கடைசியில் மூர் மார்க்கெட்டில் தஸ்தகீர் பாய் கடையில், அட்டை போன ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. வாத்தியார் இல்லாமல் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள இங்கிலீஷில் எழுதியது. மொத்தம் நாற்பது பாடம். தினமும் படிக்கிறேன், இப்போது ஒன்பதில் இருக்கிறேன்.

அதைக்கொண்டே ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அம்மா. நான் துளசிங்கம். என் அக்கா திருத்தணியில் வசிக்கிறாள். அவளுடைய கணவர் சுந்தரமூர்த்தி உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அக்கா காத்திருக்கிறாள். தாயார் காத்திருக்கிறாள். நன்றி." பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினதுபோல இருக்கிறது, சிரிக்காதே. அனுப்பிவையுங்கள், அவர் வரவேண்டும் என்றெல்லாம் எழுத இன்னும் தெரியவில்லை. இந்தப் பாஷையில் நடப்பதைச் சொல்ல வினைக்கு ஒரு உருவம், நடக்கவேண்டும் என்று ஆசைப்பட வேறு உருவமாம். அது இருபத்தாறாம் பாடத்தில்தான் வருகிறது. அதுவரை உள்ளதைச் சொல்லலாம், வேண்டியதைக் கேட்க முடியாது.

பதிலுக்கு உன் வீட்டு விலாசத்தையே கொடுத்திருக்கிறேன். இந்த அறையை எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது. நல்ல சேதி முதலில் உன் கைக்கே வரட்டும். பாவாவுக்கு நீயும் தமிழில் நான்கு வரி எழுதி அனுப்பு, அடுத்த கடிதத்தோடு வைக்கிறேன்.

அன்புள்ள தம்பி
துளசிங்கம்

திருத்தணி
3-11-1945

தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கே விடாத மழை. அத்தைக்குக் கண்ணில் நீர் வடிகிறது, மற்றபடி நடமாடுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒன்பது பாடம் படிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். இப்படிப் போனால் இருபத்தாறாம் பாடத்துக்குள் எனக்கு நரைத்துவிடும். எனக்குப் பாடம் வேண்டாம், மனிதர் வேண்டும்.

வசந்திக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. வீட்டிலேயே இரண்டு தறி. பையனும் நல்லவன்தான். பையனின் தாயார் கோவிந்தம்மாள் நேருக்கு நேர் கேட்டுவிட்டாள்: "பொண்ணுக்கு அப்பன் கீறாரா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க. மணையில உக்காந்து தாரை வார்க்கிறது யாருன்னு எங்க சனம் கேக்கும் இல்ல?" இருக்கிறார், கப்பலில் வருகிறார் என்று சொல்லிவிட்டேன்.

நான்கு வரி எழுதச் சொன்னாய். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு ஒரு வரி எழுதினதில்லை. ஊரில் எந்தப் பெண் புருஷனுக்குத் தனியாகக் கடிதம் எழுதுகிறாள்? கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் விசாரித்ததாக நீயே போட்டுவிடு.

உன்
அக்கா

சூளை
16-12-1945

அக்காவுக்கு நமஸ்காரம். உடம்பு சௌக்கியம். இரண்டு வேளையும் சாப்பிடுகிறேன், ருசி மட்டும் என்னைக் கேட்காதே.

இருபத்தாறாம் பாடத்தை முடித்துவிட்டேன். நீ திட்டினதில் ஒரு நாளைக்கு இரண்டு பாடம் ஓடிற்று. விஷயம் இதுதான். 'விவே' என்றால் வாழ்கிறார். 'விவா' என்றால் வாழட்டும், வாழவேண்டும். 'எஸ்கிரிபே', எழுதுகிறார். 'எஸ்கிரிபா', எழுதட்டும். 'ரெக்ரேசா', திரும்பி வருகிறார். 'ரெக்ரேசே', திரும்பி வரட்டும். ஆர் என்று முடிகிற வினைக்கு ஆசைப்பட்டால் கடைசியில் ஏ வரும்; ஏர், ஈர் என்று முடிகிறதற்கு ஆ வரும். அவ்வளவுதான். ஆசைக்கு மட்டும் இல்லை, பயத்துக்கும் சந்தேகத்துக்கும் இதே உருவம்தானாம். அவர் வராமல் போவாரோ என்று பயப்படுகிறேன் என்றாலும் இதைத்தான் போடவேண்டும். இரண்டுக்கும் ஒரே சட்டை எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை. இந்த மூன்று மாதத்தில் புரிந்துவிட்டது.

ஒரு பக்கம் முழுவதும் எழுதி இன்று தபாலில் சேர்த்தேன். நீங்கள் அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவர் சாப்பிட வேண்டும், குணமாகி முதல் கப்பலில் திரும்ப வேண்டும், மகள் கல்யாணத்தில் அவர் இருக்க வேண்டும், இதுதான் எங்கள் எல்லோருக்கும் வேண்டியது. புத்தகத்தில் உள்ள வினைகளை எல்லாம் பாவாவுக்காக ஒரு தடவை ஆசைப்பட்டுவிட்டேன்.

முதல் கடிதத்துக்குப் பதில் வந்ததும் பிரிக்காமல் எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்கிறேன்.

துளசிங்கம்

திருத்தணி
20-3-1946

தம்பிக்கு ஆசீர்வாதம். நாங்கள் மூவரும் சுகம். உன் மூன்று கடிதமும் வந்தன. வேலை மும்முரத்தில் பதில் எழுதவில்லை.

அந்தத் தேசத்திலிருந்து தபால் எதுவும் வரவில்லை. இனி அந்தப் பாஷையைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே எழுதவும் வேண்டாம். எழுதினது போதும்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.

அக்கா

சூளை
29-4-1946

அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதத்தை எட்டுத் தடவை படித்தேன். பத்து வரி எழுதியிருக்கிறாய். ஒரு வரியிலும் பாவா இல்லை.

என் மேல் கோபமா? நாளாகிறது என்று வெறுத்துவிட்டாயா? கடல் தாண்டிக் கடிதம் போகவே இரண்டரை மாதம் ஆகும். நம் முதல் கடிதத்துக்குப் பதில் இந்நேரம் வந்திருக்கத்தான் வேண்டும். தபால்காரர் முனியனை ஒரு தடவை விசாரி. மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். போடவேண்டாம் என்று நீ சொன்னதால் மேசையிலேயே கிடக்கிறது. மூத்தவள் சொல்லை மீறிப் பழக்கமில்லை எனக்கு. ஆனால் ஏன் என்று மட்டும் சொல்.

இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு வரட்டுமா?

துளசிங்கம்

திருத்தணி
8-5-1946

தம்பிக்கு ஆசீர்வாதம். இப்போது வரவேண்டாம். வைகாசி இருபத்திரண்டில் வசந்திக்கு முகூர்த்தம் வைத்தாயிற்று, அப்போது வந்தால் போதும். தாய்மாமன் நீதான், பாவா இடத்தில் உட்கார்ந்து தாரை வார்ப்பதும் நீதான். கப்பல் தாமதம் என்று கோவிந்தம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். ஆளுக்கொரு விதமாய் உளறவேண்டாம்.

தேதி ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாய். கேட்காதே. அந்தக் கடிதத்தை மேசையிலேயே கிடக்க விடு. என் பெண் கழுத்தில் தாலி ஏறுகிறவரை என்னை யாரும் ஒன்றும் கேட்காமல் இருந்தால் அதுவே எனக்குச் செய்கிற உபகாரம்.

அத்தை தினமும் எனக்குப் பூ வாங்கிவந்து தன் கையாலேயே வைத்துவிடுகிறாள். முன்பெல்லாம் இப்படிச் செய்கிறவள் இல்லை.

அக்கா

சூளை
17-6-1946

அக்காவுக்கு நமஸ்காரம். ஊர் வந்து சேர்ந்தேன். பொதட்டூர்பேட்டையில் வசந்தி எப்படி இருக்கிறாள்? பெண்ணை அனுப்பிவிட்டு நீ அழவே இல்லை என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆரத்தி எடுக்கும்போது தட்டைப் பாதியில் நீ கீழே வைத்ததை நான் பார்த்தேன். தட்டு கனம் என்றாய். அந்தத் தட்டை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

நீ பேச விரும்பாததை நான் கிளறவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் புத்தகத்தைக் கடைசிவரை முடித்துவிட்டேன். நாற்பதாம் பாடம் கடிதம் எழுதும் முறை. அதில் ஒரு வேடிக்கை. அந்தத் தேசங்களில் வீட்டில் ஒருவர் செத்துவிட்டால், துக்கம் காக்கிறவர்கள் ஒரு வருஷம் வரைக்கும் நான்கு ஓரமும் கருப்புக் கட்டிய காகிதத்திலும் உறையிலும்தான் எழுதுவார்களாம். எழுதுகிறவருக்குத்தான் துக்கம், சேதி எதுவாகவும் இருக்கலாம். கல்யாண வாழ்த்துகூட அதில்தான் போகுமாம். படமும் போட்டிருக்கிறது. நம் பக்கம் அப்படி ஒன்று வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்குள்ளேயே விடமாட்டோமே.

அத்தையை விசாரித்ததாகச் சொல்.

துளசிங்கம்

திருத்தணி
20-6-1946

துளசிங்கம்,

உடம்பு விசாரிக்க எனக்கு இப்போது தெம்பில்லை.

கடிதம் வந்தது. மார்ச் பத்தாம் தேதி வந்தது. முனியன் தெருவிலேயே நின்றுவிட்டான். "கோச்சிக்காதீங்கம்மா. வெளிநாட்டுத் தபாலு, ஓரமெல்லாம் கருப்பா கீது. நான் படி ஏற மாட்டேன், இங்க வந்து வாங்கிக்குங்க" என்றான். நான்கு ஓரமும் கருப்பு, தம்பி. உறையில் என் பேர். அந்தத் தேசத்திலிருந்து எனக்கு யாருடைய சாவுச் சேதி வரும்?

சாவோலையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. படித்தவுடன் கிழித்துப் போடுவார்கள். எனக்கு அந்தப் பாஷை படிக்கவும் தெரியாது. உனக்கு அனுப்பினால் நீ படித்துவிடுவாய். படித்துச் சொன்னால் அது நிஜமாகிவிடும். மறுநாளே என் தாலியைக் கழற்றுவார்கள், பொதட்டூர்பேட்டைக்காரர்கள் பின்வாங்குவார்கள், அத்தை படுத்துவிடுவாள். பிரிக்காமலே கிழித்தேன். நந்தியாற்று மணலில் புதைத்துவிட்டு அங்கேயே தலை முழுகி ஈரப் புடவையோடு வந்தேன். வெயில் தாங்கவில்லை, குளித்தேன் என்றேன்.

அன்றிலிருந்து பொட்டு வைக்கும்போதெல்லாம் திருடுகிறதுபோல இருந்தது. ஆரத்தித் தட்டு ஏன் கனத்தது என்று இப்போது தெரிந்துகொண்டாயா? தாலி அறுத்தவள் கையால் என் பெண்ணுக்கே ஆரத்தி எடுக்கிறேனே என்று செத்துப் பிழைத்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஆற்றுக்கு ஓடினேன். இருட்டுகிறவரை மணலைத் தோண்டினேன். போன மாத மழையில் தண்ணீர் வந்து போயிருக்கிறது. ஒரு துண்டுகூட இல்லை. அதில் என்ன எழுதியிருந்தது, தம்பி? துக்கம் அந்த அம்மாளுடையதா? அவர் இருக்கிறாரா?

ஏதாவது செய். உன் காலில் விழுகிறேன்.

சூளை
14-10-1946

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே தந்தி கொடுத்தேன். தந்தி என்றால் சாவுக்கும் பிறப்புக்கும் கொடுப்பது என்றே பழகிவிட்டது. ஒரு மனிதர் இருக்கிறாரா என்று கேட்கவும் கொடுக்கலாம் என்று போன வருஷமே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பாவம் என்னுடையது. கருப்பு ஓரத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டு எழுதினதும் நான்தான்.

தந்திக்குப் பதிலாக இன்று தோன்யா ரமோனாவின் கடிதம் வந்தது. இதற்கும் கருப்பு ஓரம்தான். அப்படியே தமிழில் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

"ஐயா, போன நவம்பரில் என் கணவர் காலமானார். வீட்டில் இருந்தது துக்கக் காகிதம் ஒன்றுதான். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று மூர்த்தி சிறு பிள்ளையாகத் துள்ளினார். டிசம்பரில் அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவிக்குப் பதில் எழுதினேன்: உயிருக்கு ஆபத்தில்லை, காய்ச்சல் போய்விட்டது. வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். இனிமேல் கரி தள்ள முடியாது. இப்படிப்பட்ட ஆள் வரவேண்டும் என்று அவளுக்கு விருப்பமா? அவள் கையால் ஒரு வரி எழுதினால் மே மாதக் கப்பலில் ஏறுகிறேன். அவர் எழுதச் சொன்னது இவ்வளவுதான்.

"உங்கள் இரண்டாம் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். இது மச்சான் பேச்சு, அவள் பேச்சு இல்லை என்றார். மே மாதக் கப்பல் போய்விட்டது. அதற்கப்புறமும் தினமும் தபால் ஆபீசுக்கு நடந்தார். ஜூன் பத்தாம் தேதி, 'அவள் பேசாமல் இருப்பதே பதில், அம்மா' என்று சொல்லிவிட்டுத் தெற்கே ஆட்டுப் பண்ணை வேலைக்குப் போகிற ஆட்களோடு போய்விட்டார். எந்தப் பண்ணை என்று தெரியாது. உங்கள் தந்தி பதின்மூன்று நாள் கழித்து வந்தது. கம்பளி வாங்குகிற வண்டிக்காரர்கள் பண்ணை பண்ணையாகப் போகிறவர்கள். கடிதம் கொடுத்தால் அவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன். அவர் வாழட்டும் என்று வேண்டுகிறேன்."

கடைசியில் 'விவா' என்றுதான் எழுதியிருக்கிறாள். வாழ்கிறார் என்று எழுத அவளுக்கும் தைரியம் இல்லை. பதின்மூன்று நாள், அக்கா. இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

துளசிங்கம்

திருத்தணி
18-10-1946

தம்பிக்கு ஆசீர்வாதம். நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரியும். எழுந்து சாப்பிடு. பாவம் யாருடையது என்று அப்புறம் பங்கு போடலாம்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கருப்பு ஓரத்தையும், கிழித்ததையும் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. "நீ கிழிச்சதை நான் சன்னல்லேருந்து பார்த்துகினுதான்டி இருந்தேன். எம் புள்ள பூட்டான்னு அன்னிக்கே தெரியும். பொட்டழிச்சு உன்னைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல, அதான் பூ வாங்கியாந்து வச்சேன்" என்றாள். ஏழு மாதம் அடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். அப்புறம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் உயிரோடு இருந்ததையும், காத்திருந்து போனதையும் கேட்டாள். "அப்ப நாம ரெண்டு பேருமா சேந்துதான் அவனைத் தொரத்திட்டோம்" என்றாள். பிறகு பெட்டியிலிருந்து காகிதம் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

எழுதியிருக்கிறேன். இதோடு இருக்கிறது. இதை அந்தப் பாஷையில் மாற்றவேண்டாம். வெள்ளை உறையில் போட்டு அந்த அம்மாளுக்கு அனுப்பு. இதே மாதிரி இன்னும் பத்து எழுதித் தருகிறேன். எத்தனை வண்டிக்காரர்கள் உண்டோ அத்தனை பேரிடமும் ஒன்று ஒன்று கொடுக்கச் சொல். அதை மட்டும் அவளுக்கு நீ ஸ்பானிஷில் எழுது.

அக்கா

திருத்தணி
18-10-1946

வசந்தியின் அப்பாவுக்கு,

புருஷனுக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. உங்கள் அம்மா இருக்கிறார்கள். நான் இருக்கிறேன். வசந்தியைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருக்கிறது, நன்றாக இருக்கிறாள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதும்போதே கை நிற்கிறது.

நீங்கள் எழுதச் சொன்னது என் கைக்கு வந்தது. நான்தான் கிழித்துவிட்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் துக்கத்துக்குக் கட்டிய கருப்பு ஓரத்தை என் துக்கம் என்று நினைத்து ஆற்றில் தலை முழுகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் நீங்கள் இல்லை என்றே வாழ்ந்தேன். பதில் வராததற்குக் காரணம் அதுதான். விருப்பமில்லாமல் இல்லை.

இரண்டு விரல் இருக்கிறது என்றீர்கள். போதும். கரி தள்ளுகிற வேலை திருத்தணியில் யார் வைத்திருக்கிறார்கள்? சத்திரத்து இலைக்கு நான் ஒருத்தி போதாமல் இருக்கிறது. ஈர்க்குச்சி குத்த இரண்டு விரல்தான் வேண்டும், நான் சொல்லித் தருகிறேன்.

இது எந்தப் பண்ணையில் உங்கள் கைக்குக் கிடைக்குமோ தெரியாது. கிடைத்த இடத்திலிருந்தே புறப்படுங்கள். என் மேல் கோபம் இருக்கும். அங்கே வைத்துக்கொண்டு இருக்கவேண்டாம். வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

கௌரி